'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் என்ன? நம் தோட்டத்து 'லயம்' அதிலிருந்து வந்ததா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னென்ன பொருள், ஒத்த சொற்கள் எவை, அது எங்கே பிறந்தது என்பது ஒன்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு நாம் சொல்லும் 'லயம்' அந்தச் சொல்லா, சமஸ்கிருதச் சொல்லா என்பது மற்றது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். தோட்டத்து லயம் ஆங்கில லைன்தான். சமஸ்கிருத 'லயம்' ஒன்றிப்போதலையும் ஒடுங்குதலையும், இசையில் காலநடையையும் குறிப்பது. பாட்டில் லயித்தோம் என்பது அந்தச் சொல். குடியிருக்கும் இடம் என்பதால் 'ஆலயம்' என்பதோடு முடிச்சுப் போடுகிறவர்களும், குதிரை கட்டும் 'லாயம்' என்பதோடு முடிச்சுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒலி ஒத்திருக்கிறதே தவிர உறவில்லை. தோட்டங்களில் 'லயன்' என்ற வடிவம் இன்றும் 'லயம்' என்பதோடு கூடவே வழங்குகிறது. அதே வீட்டைச் சிங்களத்தில் 'லைன் காமர' என்கிறார்கள். சிங்களத்தில் அது லைனாகவே நிற்கும்போது தமிழில் மட்டும் சமஸ்கிருதமாகப் பிறந்திருக்க வழியில்லை.

இனி மூலத்துக்கு வருவோம். லைன் என்பதன் அடியில் இருப்பது ஒரு செடி. ஆளிச்செடி. இப்போது உடம்புக்கு நல்லது என்று பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அந்த ஆளிவிதையைத் தரும் செடிதான். அதன் தண்டிலிருந்து உரிக்கும் நாரை நூலாக்கி நெய்த துணியே லினன். செடிக்கு இலத்தீனில் 'லீனும்' என்று பெயர், கிரேக்கத்தில் 'லினொன்'. அந்த நாரில் திரித்த நூல் 'லீனியா'. நூலை இரண்டு முனையில் இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அதனால் லீனியா முதலில் நூல், பிறகு நூல் காட்டும் நேர்கோடு, அதன் பிறகு கோட்டில் நிற்கும் எதுவும் என்று பொருள் விரிந்தது.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக நுழைந்தது. பழைய ஆங்கிலத்தில் 'லீனெ' என்றால் கயிறு. 1066இல் நோர்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அதே இலத்தீன் சொல்லின் பிரெஞ்சு வடிவமும் வந்து சேர்ந்தது. இரண்டும் கலந்து ஒன்றானதே இன்றைய லைன். கயிறு, கோடு, வரிசை என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லில் நெருங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் பல நம் கையிலேயே புழங்குகின்றன. லினன் துணி, ஆளிவிதை எண்ணெயான லின்சீட், அந்த எண்ணெயைக் கொண்டு செய்யும் தரைவிரிப்பான லினோலியம், நேர்ப்படுத்துவதைச் சொல்லும் அலைன், வம்சவழியைச் சொல்லும் லீனியேஜ் எல்லாம் உடன்பிறப்புகள். தையல்காரரின் 'லைனிங்' துணியைப் பலரும் கோட்டோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். அது கோடு போடுவது அல்ல. சட்டையின் உட்புறம் லினன் வைத்துத் தைப்பதே ஆதியில் லைனிங். உள்ளே ஒட்டிக் கொடுப்பது என்ற இந்தப் பொருள்தான் பஸ்ஸின் பிரேக் லைனிங் வரை போயிருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் 'லைன்' வினையாக வரும்போது கோடிடுகிறதா, உட்புறம் பொதிகிறதா என்று பார்த்தே பொருள் எடுக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்தைத் துணியால் லைன் செய்தார்கள் என்றால் அங்கே கோடு ஒன்றுமில்லை.

நூலிலிருந்து நேர்மைக்குப் போகும் இந்த எண்ணவோட்டம் தமிழுக்கும் புதிதல்ல. சுவர் கட்டும் மேசன் நூல் பிடிக்கிறார். 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோம். தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல மாந்தர் மனக்கோணலைத் தீர்ப்பதால்தான் புத்தகத்துக்கும் நூல் என்று பெயர் என்கிறது நன்னூல். இலத்தீன்காரன் நூலிலிருந்து கோட்டுக்குப் போனான், தமிழன் நூலிலிருந்து புத்தகத்துக்குப் போனான். தொடங்கிய இடம் ஒன்றே.

லைனின் அந்தப் பழைய பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் புதுத் தேயிலை நடும் மலைக்குப் போனால் போதும். கன்று நடுவதற்கு முன் குழி வரவேண்டிய இடங்களைக் கயிறு பிடித்துக் குறித்துக் கம்பு நடுகிறார்களே, அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'லைனிங்' என்றே பெயர். நிரைக்கு நிரை 4 அடி, நிரைக்குள் கன்றுக்குக் கன்று 2 அடி என்பது வழக்கமான அளவு. அப்படி நட்டால் ஒரு கன்றுக்கு 8 சதுர அடி, ஏக்கருக்கு 5,445 கன்று. சரிவில் நிரை மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். மேலிருந்து கீழாக ஓடினால் மழைத்தண்ணீர் அந்த இடைவெளியையே வாய்க்காலாக்கிக்கொண்டு மேல்மண்ணைக் கொண்டுபோய்விடும். இழுத்தால் நீளும் கயிற்றைப் பிடித்தால் 2 அடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போய், நிரையின் கோடியில் கன்று எண்ணிக்கை குறையும். லைன் என்ற சொல்லுக்குள் கயிறும் கோடும் வரிசையும் எப்படி ஒன்றாக அடங்கின என்பதை இந்த ஒரு வேலை முழுதாகக் காட்டிவிடும்.

அந்த மலையில் நாம் சொல்வது லைன் அல்ல, 'நிரை'. பேச்சில் 'நெரை'. வேலையை மேற்பார்க்கும் கங்காணி நிரை கொடுக்கிறார், ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிறார்கள். ஆநிரை கவர்தல், நிரை மீட்டல் என்று சங்க காலம் முதல் வருகிற சொல் அது. செய்யுள் இலக்கணத்தில் நேர், நிரை என்று அசைக்குப் பெயராகவும் நிற்கிறது. ஆக, ஒரே தோட்டத்தில் செடிகளின் வரிசைக்குப் பழந்தமிழ்ச் சொல், மனிதர் குடியிருக்கும் வரிசைக்கு ஆங்கிலச் சொல். செடி பிடுங்கும் வேலையும் நடும் வேலையும் வயலிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்தவை, அதற்குச் சொல் கையோடு வந்தது. அப்படிப்பட்ட வீடு அவர்கள் முன்பு அறியாதது. அதைக் கட்டினவன் வைத்த பெயரே அதற்கு நிலைத்தது.

கட்டினவன் அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தான்? பிரித்தானிய இந்தியாவில் படைமுகாமில் சிப்பாய்களின் குடிசைகள் வரிசையாக நின்ற பகுதிக்கு 'லைன்ஸ்' என்று பெயர். டில்லி, அலகாபாத் (இன்று பிரயாக்ராஜ்), கான்பூர் நகரங்களில் 'சிவில் லைன்ஸ்' என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களில் பொலிஸ் குடியிருப்பை 'போலீஸ் லைன்' என்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்புக்கும் அதே சொல்லைத் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்துகளில் இது 'கூலி லைன்ஸ்' என்று வரும். கூலி என்ற அந்த முன்சொல் மனிதரை இழிவாகச் சுட்டப் பயன்பட்டது என்பதால், பழைய ஆவணத்தை அப்படியே எடுத்துக்காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் எழுதக் கூடாது. காலையில் ஆள் கூட்டிப் பெயர் பதியும் 'பிரட்டு' என்பதும் 'பரேட்' என்ற படைச்சொல்தான். லயமும் பிரட்டும் ஒரே முகாமிலிருந்து வந்து இறங்கியவை. தோட்டத்தை எந்தக் கண்ணோட்டத்தில் அமைத்தார்கள் என்பதை இந்த இரண்டு சொற்களும் வெளிப்படையாகச் சொல்கின்றன.

வீட்டின் அமைப்பைப் பார்த்தால் ஆங்கிலத்தில் ஒத்த சொல் தேடும்போது எங்கே பிழை நேர்கிறது என்பது புரியும். ஒற்றை வரிசை லயத்தில் காம்பராக்கள், அதாவது அறைகள், பக்கத்தில் பக்கமாக இருக்கும். இரட்டை வரிசை லயத்தில் நடுச்சுவர் ஒன்றை முதுகாக வைத்து இரண்டு பக்கமும் காம்பரா இருக்கும். பின்வாசலும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி என்பது பரவலான அளவு, அதாவது 120 சதுர அடி. முன்னால் சிறு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. 'ரோ ஹவுஸ்', 'டெரஸ் ஹவுஸ்' என்று அகராதியில் பார்த்து எழுதினால், ஆங்கிலம் படிக்கிறவர் மனதில் வருவது முன்கதவும் பின்முற்றமும் பல அறைகளும் உள்ள நகரத்து வீடு. அது வேறு, இது வேறு. 'பெரக்ஸ்' என்பது ஓரளவு கிட்ட வரும், ஆனால் குடும்பம் இல்லாத ஆண்களின் தங்குமிடம் என்ற எண்ணத்தைத் தரும். ஆகவே ஆங்கிலத்தில் எழுதினாலும் 'லைன் ரூம்' என்றே எழுதுங்கள், முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். இந்தப் பொருளுக்கு அதற்கு ஒத்த சொல் இல்லை.

இந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். லயம் ஆங்கிலம். காம்பரா, போர்த்துக்கேயரின் 'காமரா'. இஸ்தோப்பு, ஒல்லாந்தரின் 'ஸ்தூப்', வாசற்படித் திண்ணை. 1505இல் வந்தவர்களின் சொல்லும், 1658இல் அவர்களைத் துரத்தியவர்களின் சொல்லும், 1796இல் கரையோரத்தைப் பிடித்து 1815இல் கண்டியையும் எடுத்துக்கொண்டவர்களின் சொல்லும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. முதலிருவராலும் மலைநாட்டைப் பிடித்து ஆள முடியவில்லை. அவர்களுடைய சொற்கள் மட்டும் மலையேறின. போர்த்துக்கேய காமராவுக்கு மூலம் இலத்தீன் 'காமெரா', வளைந்த கூரையுள்ள அறை. படம் எடுக்கும் கெமராவும் அதே சொல்தான். அப்படிப் பார்த்தால் 'லயன் காம்பரா' என்பதில் இரண்டு சொல்லும் பிறப்பால் இலத்தீன்.

லைன் எப்படி லயம் ஆனது என்பதற்குத் தமிழ் இலக்கணமே வழி சொல்கிறது. முதலில் ஐகாரம் உடைந்து யகரம் தெளிவாகக் கேட்கிறது: லைன், லயன். 'டைம்' என்பது 'டயம்' ஆவதும் இப்படித்தான். அடுத்தது கடைப்போலி, அதாவது கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பது. அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும் வருவதை நாம் படித்திருக்கிறோம். மகரத்தில் முடியும் அஃறிணைப் பெயர் னகரத்தோடு மாறி வரும் என்கிறது நன்னூல். லயனில் அந்த மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. னகரம் போய் மகரம் வந்தது. மகரம் வந்ததும் அத்துச் சாரியை தானாகவே சேர்ந்துகொண்டது: லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள், லயத்துக் கோடி. மேட்டு லயம், பணிய (கீழ்) லயம் என்று அடைமொழியும் ஏற்றுக்கொண்டது. மரத்தில், குளத்தில் என்பதுபோல 'லயத்தில்' என்று வேற்றுமை உருபு ஏற்கும் சொல்லை இனி வந்தேறி என்று ஒதுக்க முடியாது. தமிழில் எழுதும்போது அதை மேற்கோள்குறிக்குள் போடத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒத்த சொற்களுக்கு வருவோம். பரீட்சையில் புள்ளி போவது இங்கேதான். அகராதி ஒரே மூச்சில் அடுக்கித் தரும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவதில்லை. 'ரோ' என்பது பக்கத்தில் பக்கமாக இருப்பது: நாற்காலி, பல், மரம். 'ஃபைல்' ஒருவர் பின் ஒருவர் நடப்பது. அதற்கு மூலம் இலத்தீன் 'ஃபீலும்', அதுவும் நூல்தான்! கடிதங்களை நூலில் கோத்து வைத்ததால் காரியாலயத்து ஃபைலுக்கும் அதே பெயர். 'ரேங்க்' படைவீரர் தோளோடு தோள் நிற்கும் வரிசை, அதிலிருந்து பதவிநிலை. 'கியூ' என்பது முறைக்காகக் காத்திருப்பது. பிரெஞ்சு மொழியில் வால் என்று பொருள். 2022இல் எரிபொருளுக்கு நாடே காத்துநின்றதை நம் ஆங்கிலப் பத்திரிகைகள் 'கியூ' என்றே எழுதின. அமெரிக்கர் அந்த இடத்தில் 'லைன்' என்பார்கள். நம் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழி என்பதால் கட்டுரையில் கியூ எழுதுவதே நல்லது. கயிறு என்ற பொருளில் 'கோர்ட்', 'ஸ்ட்ரிங்', 'ரோப்' மூன்றும் பருமனால் வேறுபடும். ரோப் மொத்தம், ஸ்ட்ரிங் மெல்லிசு, கோர்ட் இடைப்பட்டது. 'ஸ்ட்ரைப்' அகலமுள்ள பட்டை, 'ஸ்ட்ரோக்' ஒரே இழுப்பில் போட்ட கோடு. இவற்றில் எதையும் லைனுக்குப் பதிலாக யோசிக்காமல் வைத்துவிட முடியாது.

தமிழில் பெயர்க்கும்போது ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டால் நிச்சயம் தவறும். கணிதத்தில் லைன் என்றால் நேர்கோடு, அது இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போவது. இரண்டு புள்ளிக்கு இடையில் நின்றுவிட்டால் அது துண்டம். புத்தகப் பக்கத்தில் வரி, செய்யுளில் அடி, உள்ளங்கையிலும் பூகோளப் படத்திலும் ரேகை. உடுப்புக் காயப்போடுவது கொடி. தொலைபேசியில் இணைப்பு, ரயிலில் பாதை. கொழும்பிலிருந்து புறப்படும் 'மெயின் லைன்' 1924இல் பதுளையைத் தொட்டது; அங்கே லைன் என்பது தண்டவாளத்தை மட்டும் குறிக்காமல் முழு வழித்தடத்தையும் குறிக்கும். வம்சத்தைப் பேசும்போது வழி, தொழிலைப் பேசும்போது துறை, நாட்டின் ஓரத்தைப் பேசும்போது எல்லை. நாடகத்தில் நடிகர் லைன்ஸ் பாடமாக்கினார் என்றால் வசனம்.

'டெட்லைன்' என்பதற்குத் தனியாக இரண்டு வசனம் தேவை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864இல், கைதிமுகாமில் வேலிக்கு உள்ளே ஓர் எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் காவலாள் சுடலாம். விண்ணப்ப முடிவுத்திகதிக்கு நாம் சொல்லும் சொல் அந்த எல்லைக்கோட்டின் பெயர்.

கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. 'லைன் ரூம்' என்பதை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தால் 'வரி அறை' என்று வரும். வரி என்றால் அரசுக்குக் கட்டும் பணம் என்றும் பொருள் இருப்பதால், வாசிக்கிறவர் வரி கட்டும் அறை என்று நினைப்பார். 'கோட்டு அறை' அதைவிட மோசம். லயன் அறை, லயக் காம்பரா, லயம் மூன்றில் எதையும் எழுதலாம். அறிக்கையில் முதலாவது, கதையிலும் பேச்சிலும் மற்ற இரண்டும் பொருந்தும்.

எழுத்துப்பிழையும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. 'லயன்' என்று தமிழில் எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்தில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லை எழுதிவிடும். லைனுக்கு நாலு எழுத்து: எல், ஐ, என், ஈ. ஐக்குப் பிறகு ஓ வந்தால் சிங்கம். ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஏ போட்டால் 'லேன்', அதாவது ஒழுங்கை. இது விண்ணப்பப் படிவத்தில் வந்தால் உண்மையான சிக்கல். கொழும்பில் இருக்கும் எழுதுவினைஞருக்கு 'மூன்றாம் ஒழுங்கை' என்பது இயல்பான முகவரி, அவர் திருத்தாமல் அப்படியே தமிழிலும் சிங்களத்திலும் பதிந்துவிடுவார். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் ஒன்றுமாக நின்றால் பிறகு சத்தியக்கடதாசி வரை போக வேண்டிவரும்.

அதனால் முகவரியைச் சிறியதிலிருந்து பெரியதாக, ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள்: காம்பரா இலக்கம், லய இலக்கம், தோட்டப் பிரிவு, தோட்டம், தபால் நகரம். பிரிவை நாம் பேச்சில் 'கணக்கு' என்போம். மேக்கணக்கை ஆங்கிலத்தில் 'அப்பர் டிவிஷன்' என்றும், பணியக்கணக்கை 'லோவர் டிவிஷன்' என்றும் எழுத வேண்டும். கணக்கு என்பதற்கு அகராதியில் கிடைக்கும் 'எக்கவுண்ட்' இங்கே பொருந்தாது. புது வீடு கிடைத்து லயத்தைவிட்டு வந்தவர்கள் லய இலக்கத்தை எடுத்துவிட்டு வீட்டு இலக்கத்தைப் போடலாம். அவர்களுடைய காணி உறுதிப் பத்திரத்தில் வரும் '7 பேர்ச்' என்பதற்கும் இதே மாதிரிப் பிறப்புதான். இலத்தீன் 'பெர்த்திகா', நிலம் அளக்கும் கம்பு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஏழும் சேர்ந்தால் 1,905.75 சதுர அடி.